‘லிஸ்ட்ல பேரு இருக்காம்!’ – வாசகர் கேள்வி பதில்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளுக்கும் கல்லூரி மெரிட் லிஸ்ட் ஒட்டும் நாளுக்கும் நடுவே உள்ள சில வாரங்கள் பெற்றோரைப் படுத்தி எடுத்துவிடுகின்றன. வெளியே வேலூர் வெயில், வீட்டுக்குள் ‘அந்தக் காலேஜ்ல நமக்கு யாரையாவது தெரியுமா?’ என்ற பேச்சு. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து இம்முறை வந்த கடிதங்கள் எல்லாமே இந்தப் பேச்சைச் சுற்றித்தான். கல்லூரிச் சேர்க்கை வேலையை உள்ளிருந்து அறிந்தவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

என் மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப். முக்கியப் பாடங்கள் நான்கிலும் சேர்த்து 400க்கு 352. வேலூரில் ஒரு பெண்கள் கல்லூரியில் பி.காம். கேட்டு விண்ணப்பித்திருக்கிறோம். என் தம்பியின் சிநேகிதர் அந்தக் கல்லூரி ஆபீஸில் இருக்கிறார். ‘லிஸ்ட்ல பேரு இருக்குக்கா, நீங்க நிம்மதியா இருங்க’ என்று போன் செய்தார். லிஸ்ட் அடுத்த வாரம்தான் ஒட்டுவார்களாம். இதற்கிடையில் இங்கே குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியில் திங்கட்கிழமை கலந்தாய்வுக்கு வரச்சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது. அதற்குப் போகாமல் இருந்துவிடலாமா?
– ஒரு தாய், குடியாத்தம்

போய்விடுங்கள் அம்மா. திங்கட்கிழமை காலையிலேயே மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரிஜினல் சான்றிதழ்களோடு போய், கிடைக்கிற இடத்தை வாங்கிவிடுங்கள்.

தம்பியின் சிநேகிதர் பொய் சொல்லியிருக்க மாட்டார். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவர் பார்த்தது எந்த லிஸ்ட் என்பதுதான் விஷயம். விண்ணப்பங்கள் முடிந்ததும் ஆபீஸில் முதலில் தயாராவது ஒரு வரைவு. மதிப்பெண்ணை மேலிருந்து கீழாக அடுக்கிய எக்ஸெல் ஷீட், அவ்வளவுதான். அதில் மாணவிகள் தாங்களே டைப் செய்த மதிப்பெண்ணும் சாதிப் பிரிவும் அப்படியே இருக்கும். சான்றிதழோடு இன்னும் ஒப்பிட்டிருக்க மாட்டார்கள். சந்தேகமான வரிகளை மஞ்சள் பூசி வைத்திருப்பார்கள். சேர்க்கைக் குழு உட்கார்ந்து அந்த மஞ்சள் வரிகளை ஒவ்வொன்றாகத் தீர்த்து, முதல்வர் கையெழுத்துப் போட்டு, நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போதுதான் அது லிஸ்ட் ஆகிறது. நடுவில் பெயர்கள் மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கும்.

எப்படிப் போகும் என்பதைக் கணக்கோடு பாருங்கள். 60 இடங்கள் உள்ள ஒரு வகுப்பில் தமிழ்நாட்டின் 69 சதவீத இட ஒதுக்கீடு அப்படியே நடந்தால், பொதுப்பிரிவு 31 சதவீதம், அதாவது 18.6 இடம். பி.சி. 26.5 சதவீதம், 15.9 இடம். பி.சி. முஸ்லிம் 3.5 சதவீதம், 2.1 இடம். எம்.பி.சி., டி.என்.சி. 20 சதவீதம், 12 இடம். எஸ்.சி. 15 சதவீதம், 9 இடம். அருந்ததியர் 3 சதவீதம், 1.8 இடம். எஸ்.டி. 1 சதவீதம், 0.6 இடம். 18.6 பேரைச் சேர்க்க முடியாது. முழு எண்ணாக்கும்போது ஒரு இடம் இந்தப் பக்கம் வரும், ஒரு இடம் அந்தப் பக்கம் போகும். உங்கள் மகள் வரைவில் பி.சி. வரிசையில் 16வது ஆளாக இருந்திருந்தால், அந்த ஒரு இடத்தின் நகர்வில் உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். சிறுபான்மையினர் நடத்தும் கல்லூரி என்றால் கணக்கே வேறு. அங்கே இந்த ஒதுக்கீட்டு முறை அப்படியே பொருந்தாது. அந்தக் கல்லூரியின் புராஸ்பெக்டஸைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, பொதுப்பிரிவு எல்லோருக்குமானது. நல்ல மதிப்பெண் எடுத்த பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. மாணவிகள் முதலில் அந்த வரிசையில்தான் நிற்பார்கள். சரிபார்ப்பில் ஒருத்தியின் மதிப்பெண் ஐந்து கூடினாலும் குறைந்தாலும் அவள் ஒரு வரிசையிலிருந்து அடுத்ததற்குப் போவாள். அவளுக்குப் பின்னால் இருப்பவர்கள் எல்லோரும் சங்கிலி போல் நகர்வார்கள். மறுகூட்டலில் மதிப்பெண் கூடியவர்கள், விளையாட்டு, மாற்றுத்திறனாளி, முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகள் என்ற சிறப்புப் பிரிவில் வருபவர்கள் கடைசி நேரத்தில் உள்ளே நுழைவார்கள். பிறகு நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. குடியாத்தம், பேர்ணாம்பட்டு, காட்பாடி எல்லாம் ஆந்திர எல்லையை ஒட்டியவை. சித்தூர், குப்பம் பக்கம் படித்த பிள்ளைகளின் சாதிச் சான்றிதழ் ஆந்திராவில் வாங்கியதாக இருந்தால் இங்கே ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. நேட்டிவிட்டி சான்றிதழும் கேட்பார்கள். அது சரிபார்ப்பு மேஜையில்தான் தெரியவரும். அன்றைக்கு லிஸ்ட் மறுபடி மாறும்.

ஆகவே தம்பியின் சிநேகிதரிடம் நாலே நாலு கேள்வி கேட்டுப் பாருங்கள். பெயரை வைத்துத் தேடினாரா, விண்ணப்ப எண்ணை வைத்தா? ஒரே இனிஷியலில் மூன்று பிரியா, நான்கு திவ்யா இருக்கிற லிஸ்ட் அது. எந்தப் பிரிவு வரிசையில் பார்த்தார்? அந்த வரிசையில் எத்தனையாவது ஆள், அதற்கு எத்தனை இடம்? சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து முதல்வர் கையெழுத்து ஆகிவிட்டதா? இந்த நான்குக்கும் பதில் இல்லையென்றால் அவர் சொன்னது உங்களைத் தேற்றுவதற்காகச் சொன்ன வார்த்தை. அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

அரசுக் கல்லூரிக் கலந்தாய்வு வேறு மாதிரி நடக்கும். தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண்ணும், ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண்ணும், மற்ற பாடங்களுக்கு 400க்கு எடுத்த மதிப்பெண்ணும் வைத்துத் தனித்தனி தரவரிசை போடுவார்கள். உங்கள் மகளின் தரவரிசை எண்ணைக் கூப்பிடும் நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். பி.காம். போன்ற பாடத்தில் மதியத்துக்குள் பிரிவு பிரிவாக இடங்கள் தீர்ந்துவிடும். பிறகு போய் நின்று அழுதாலும் வாத்தியார்களால் ஒன்றும் செய்ய முடியாது.

திங்கட்கிழமைக்கு எடுத்துப்போக வேண்டியவை: டி.சி., பத்தாம் வகுப்பு, பிளஸ் ஒன், பிளஸ் டூ மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் பாஸ்புக் முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஆறு. எல்லாவற்றிலும் ஐந்து செட் ஜெராக்ஸ் முதல் நாளே எடுத்துவிடுங்கள். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் அன்றைக்கு நிற்க முடியாது. மூன்று செட் கல்லூரிக்கு, இரண்டு செட் வீட்டில் இருக்கட்டும்.

பிறகு வேலூர் கல்லூரி லிஸ்டில் உண்மையிலேயே பெயர் வந்துவிட்டால்? அரசுக் கல்லூரியில் கட்டிய பணம் சிறியது, போனால் போகட்டும். கவலை டி.சி.தான். மகளும் நீங்களும் கையெழுத்திட்ட ஒரு கடிதம், பணம் கட்டிய ரசீது, இரண்டையும் கொடுத்து முதல்வரிடம் கேட்டால் டி.சி.யைத் திருப்பித் தருவார்கள். ஒன்றிரண்டு நாள் ஆகும். வேலூர்க் கல்லூரியில் ‘டி.சி. மட்டும் பிறகு தருகிறோம்’ என்று எழுதிக்கொடுத்துச் சேரலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். நீங்கள் விட்டுப்போகும் இடத்தில் காத்திருப்போர் வரிசையில் இருக்கும் இன்னொரு பிள்ளை சேரும். அதனால் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள்.

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் அலுவலக உதவியாளராக இருக்கிறேன். சேர்க்கை வேலையும் பார்க்கிறேன். மே மாதம் வந்தால் சொந்தக்காரர்கள் போன் ஓய்வதில்லை. மாமா, பெரியப்பா, மனைவியின் அண்ணன் எல்லோரும் ‘லிஸ்ட்டைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு’ என்கிறார்கள். சொல்லவில்லை என்றால் ‘பெரிய ஆபீசர் ஆயிட்டான்’ என்று பேச்சு. என்ன செய்வது?
– ஊழியர் ஒருவர்

உங்கள் சங்கடம் புரிகிறது. நம் ஊரில் சொந்தத்துக்கு ‘முடியாது’ என்று சொல்வதைவிடக் கஷ்டமான காரியம் இல்லை. அதற்காக ஒட்டாத லிஸ்டைச் சொல்லிவிடாதீர்கள். நல்ல சேதி சொல்லி அது மாறிப்போனால், ‘இவன்தான் பணம் வாங்கிக்கொண்டு பேரை எடுத்துவிட்டான்’ என்று அதே மாமா சொல்வார். கெட்ட சேதி சொல்லி அது மாறிவிட்டால், அதற்குள் அந்தப் பையனை அவசரத்தில் வேறெங்கோ சேர்த்திருப்பார்கள். இரண்டிலும் பழி உங்களுக்கே.

ஸ்கிரீனை மட்டும் எக்காரணம் கொண்டும் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள். அந்த ஷீட்டில் ஐந்நூறு வீட்டுப் பிள்ளைகளின் சாதியும் போன் நம்பரும் அப்பாவின் வருமானமும் இருக்கும். மாமா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார். அன்று இரவுக்குள் அது ஊர் முழுக்கப் போய்விடும். பெண் பிள்ளைகளின் நம்பருக்கு யார் யாரோ கூப்பிடுவார்கள். யாருடைய லாகினில் அந்த ஷீட் திறந்தது, எந்த நேரத்தில் திறந்தது என்பதும் பதிவாகியிருக்கும். விசாரணை என்று வந்தால் முதலில் மாட்டுவது உங்களைப் போன்ற ஊழியர்தான்.

சொல்ல ஒரு வாக்கியம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: ‘லிஸ்ட் இன்னும் கையெழுத்தாகல மாமா. ஒட்டின உடனே முதல் போன் உங்களுக்குத்தான்.’ இதைச் சொல்லும்போது குரலில் சலிப்பு வேண்டாம். ஒட்டிய அன்று சொன்னபடியே போன் செய்துவிடுங்கள். இரண்டாவது ஆண்டிலிருந்து கேட்பது குறையும்.

உதவ வேண்டும் என்ற மனது உங்களுக்கு இருக்கிறது. அதைச் செலவழிக்கச் சரியான நேரம் விண்ணப்பம் போடும்போதுதான். பிள்ளையின் விண்ணப்பப் பிரிண்ட் அவுட்டை வாங்கி, மதிப்பெண் சான்றிதழில் உள்ள எண்ணும் டைப் செய்த எண்ணும் ஒன்றா, சாதிப் பிரிவு சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா, இனிஷியல் ஆதாரில் வேறாக இருக்கிறதா, கடைசித் தேதி என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள். பி.சி.யை எம்.பி.சி. என்று அழுத்திவிட்டவர்கள், விண்ணப்பப் பணம் கட்டாமலே ‘முடிந்தது’ என்று நினைத்தவர்கள் ஒவ்வொரு ஆண்டும் இருக்கிறார்கள். இதை நீங்கள் எந்த மாணவருக்குச் செய்தாலும் தப்பில்லை. சொந்தக்காரருக்குச் செய்தாலும் தப்பில்லை.

பையன் இன்ஜினியரிங் கவுன்சலிங்கில் இருக்கிறான். கணக்கு 92, இயற்பியல் 88, வேதியியல் 90. சென்னையில் எங்கள் பங்காளி ஒருவருக்கு ‘மேலிடத்தில்’ ஆள் தெரியுமாம். எந்தக் காலேஜ் வரப்போகிறது என்று முன்னாடியே தெரிந்துகொண்டால் சாய்ஸ் போட வசதியாக இருக்கும் என்கிறார். உண்மையா?
– ஒரு தந்தை, ஆற்காடு

இல்லை. காரணம் எளிது. சாய்ஸ் பூட்டும் நேரம் முடிந்த பிறகுதான் ஒதுக்கீடு என்பதே உருவாகிறது. உங்கள் பையனுக்கு முன்னால் உள்ள ஆயிரக்கணக்கானவர்கள் என்ன வரிசை போட்டிருக்கிறார்கள் என்று தெரியாமல் எந்த மேலிடமும் எதையும் சொல்ல முடியாது. சாய்ஸ் பூட்டியபின் கம்ப்யூட்டர் தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் போட்ட வரிசையில் மேலிருந்து இறங்கி, முதலில் காலியாக உள்ள இடத்தைத் தரும். அது உங்கள் பையனின் லாகினிலேயே வரும்.

முன்கூட்டியே தெரிந்தாலும் சாய்ஸ் வரிசை மாறக் கூடாது என்பதைத்தான் பலர் புரிந்துகொள்வதில்லை. முதல் சாய்ஸாகக் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியைப் போட்டுக் கிடைக்கவில்லை என்றால் இரண்டாவதில் உங்களுக்குப் பலம் குறைவதில்லை. அதனால் ‘கிடைக்கும்’ என்று யாரோ சொன்னதை மேலே தூக்கி வைத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். அதற்கு மேலான கல்லூரி கிடைக்க இருந்தும் கம்ப்யூட்டர் அதற்குப் போகாது. பிடித்த வரிசையில் போடுங்கள். எது பிடிக்கும் என்பதைப் பையனோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

அவன் கட்-ஆஃப்: கணக்கு 100க்கு அப்படியே 92. இயற்பியலும் வேதியியலும் 50ஆகக் குறையும், 44ம் 45ம். மொத்தம் 200க்கு 181. இந்த 181ஐ வைத்துப் போன ஆண்டுக் கட்-ஆஃபோடு நேராக ஒப்பிடாதீர்கள். ஒரு ஆண்டு கணக்குத் தாள் எளிதாக இருந்தால் எல்லோருக்கும் மதிப்பெண் கூடி அதே 181 பின்னால் போய்விடும். பொதுத் தரவரிசை எண்ணையும், உங்கள் சமுதாயத் தரவரிசை எண்ணையும் எடுங்கள். போன ஆண்டு அதே தரவரிசைக்குப் பக்கத்தில் உள்ளவர்கள் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு வாங்கினார்கள் என்பது அரசு தளத்திலேயே இருக்கிறது. அதில் உங்கள் எண்ணுக்குக் கொஞ்சம் மேலே உள்ளவர்கள் வாங்கியதில் தொடங்கி, நன்றாகக் கீழே உள்ளவர்கள் வாங்கியது வரை இறங்கி வாருங்கள். நாற்பது, ஐம்பது சாய்ஸ் போடுவது அதிகம் இல்லை. பாகாயத்தில் உள்ள தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி போல வீட்டிலிருந்து போய்வரக்கூடிய அரசுக் கல்லூரியை, ‘பக்கத்து ஊர்தானே’ என்று விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் மாணவர்கள் இடத்தை இழப்பது தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகுதான். அதை உறுதிசெய்ய இரண்டு நாள் தருவார்கள். ‘ஏற்கிறேன், சேர்கிறேன்’, ‘ஏற்கிறேன், மேலே கிடைத்தால் வேண்டும்’ என்று தொடங்கி வெளியேறுவது வரை சில தேர்வுகள் இருக்கும். பங்காளி போன் செய்வார் என்று காத்திருந்து அந்த இரண்டு நாளை விட்டுவிட்டால் ஒதுக்கீடு போய்விடும். பையனின் போன் நம்பர், மின்னஞ்சல், பாஸ்வேர்டு மூன்றும் உங்கள் வீட்டில் இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்காரரின் நம்பரைக் கொடுத்திருந்தால் உதவி மையத்துக்கு இன்றே போய் மாற்ற வழி கேளுங்கள்.

ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன். ‘உங்க பொண்ணு பேரு மேனேஜ்மென்ட் லிஸ்ட்ல வந்திருக்கு, இன்னைக்கு சாயந்திரத்துக்குள்ள 50,000 போட்டா லாக் பண்ணிடலாம், நான் உள்ளே இருக்கிற ஆள்’ என்று போன் வந்தது. விண்ணப்ப எண், மார்க் எல்லாம் சரியாகச் சொன்னார். நம்பலாமா?

நம்பாதீர்கள். விண்ணப்ப எண்ணும் மதிப்பெண்ணும் தெரிந்திருப்பது ஆள் உள்ளே இருப்பதற்கு அத்தாட்சி ஆகாது. விண்ணப்பத்தை எங்கே டைப் செய்தீர்களோ, எங்கே ஜெராக்ஸ் எடுத்தீர்களோ, அங்கிருந்தே அவை வெளியே போயிருக்கலாம். பணம் எந்தப் பெயரில் உள்ள கணக்குக்குப் போகச் சொல்கிறார் என்று பாருங்கள். தனி ஆள் பெயரில் ஜிபே நம்பர் என்றால் அதோடு பேச்சை நிறுத்திவிடுங்கள். கல்லூரிப் பணம் கல்லூரி அல்லது அறக்கட்டளை கணக்குக்குத்தான் போகும், ரசீதோடு.

நேரில் கல்லூரிக்குப் போய், போர்டில் உள்ள நம்பரில் பேசிக் கேட்டுவிடுங்கள். மேனேஜ்மென்ட் இடம் என்பது உண்மையில் உண்டு. சிறுபான்மை அல்லாத சுயநிதி இன்ஜினியரிங் கல்லூரிகளில் 35 சதவீதம் நிர்வாகத்துக்கு, சிறுபான்மைக் கல்லூரிகளில் பாதி. அந்த இடத்தைக் கல்லூரியே முன்கூட்டிச் சொல்லலாம், அதில் ரகசியம் இல்லை. முத்திரையிட்ட கடிதமும் கட்டண விவரமும் கேளுங்கள். நன்கொடை என்று தனியாகக் கேட்டால் அது தமிழ்நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். உங்கள் வீட்டில் பெண்தான் முதல் பட்டதாரி என்றால் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். கவுன்சலிங்கில் சேர்ந்தால் ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணச் சலுகை உண்டு. மேனேஜ்மென்டில் சேர்ந்தால் அது இல்லை. நான்கு ஆண்டுக்கு ஒரு லட்சம். அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டின் முழுச் சலுகையும் அதோடு போகும்.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்டவர்கள் இருந்தால்: உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த முடியும். யுபிஐ ஆப்பில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதையும், போன் வந்த நம்பரையும், வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வைத்திருங்கள். ‘பரவாயில்லை, பேசி வாங்கிக்கலாம்’ என்று இரண்டு நாள் விடாதீர்கள்.

உண்மையான கல்லூரியில் ரசீதோடு கட்டியிருந்து, வேறு இடம் கிடைத்து விலகுகிறீர்கள் என்றால் அது வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிப்படி, அறிவிக்கப்பட்ட சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் அல்லது அதற்கு முன் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வர வேண்டும். அதில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். நாள் போகப்போகத் திரும்ப வரும் பங்கு குறையும். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் பிடித்துவைக்கவும் கூடாது. விலகல் கடிதத்தைக் கையில் கொடுத்து நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். தேதிதான் பணம்.

வேலூர் சி.எம்.சி.யில் (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்குமா என்பதை, அங்கே தெரிந்தவர்கள் மூலம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்று அந்தக் காலத்தில் சொல்வார்கள். இப்போதும் உண்டா?
– வாலாஜாப்பேட்டை வாசகர்

அந்தக் காலத்தில் சி.எம்.சி.க்கென்று தனி நுழைவுத் தேர்வும் நேர்காணலும் இருந்தன. அதனால் அப்படி ஒரு பேச்சு இருந்தது. இப்போது எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கு நீட் கட்டாயம். சிறுபான்மை நிறுவனங்களுக்கும் அது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2020 ஏப்ரலில் சொல்லிவிட்டது. சென்னையில் உள்ள மருத்துவத் தேர்வுக் குழுதான் கலந்தாய்வு நடத்துகிறது. திருச்சபை தரும் சான்று ஒரு பிரிவில் போட்டியிடும் தகுதியைத்தான் தரும். அந்தப் பிரிவுக்குள் நீட் தரவரிசைதான் பேசும். வேலூர் வளாகத்தில் யாரைக் கேட்டாலும் உங்களுக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரியாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியிலும் நீட் தரவரிசைதான்.

என் அண்ணன் மகன் விரும்பிக் கேட்ட கல்லூரியில் லிஸ்ட் இன்னும் வரவில்லை. அங்கே வேலை பார்க்கும் உறவினர் ‘பேரு இல்ல போல’ என்று அண்ணியிடம் சொல்லி, அண்ணி பையனிடம் சொல்லிவிட்டார். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, யாரிடமும் பேசுவதில்லை. நான் என்ன சொல்வது?
– ஒரு சித்தப்பா, திருப்பத்தூர்

முதலில் அவனோடு உட்காருங்கள் ஐயா. இடம் கிடைக்கும், கிடைக்காது என்ற பேச்சையே எடுக்காமல் ஒரு வேளை சேர்ந்து சாப்பிடுங்கள். கேள்விப்பட்டதை வைத்து ஒரு பிள்ளை மூன்று நாளாகத் தனியாகத் துக்கம் காத்துக்கொண்டிருக்கிறது. அந்தத் துக்கம் உண்மையானது. சேதி உண்மையா இல்லையா என்பது வேறு விஷயம். ‘இதுக்கெல்லாமா’ என்று யாரும் சொல்லிவிடாதபடி வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்கம் இல்லாமல், ‘இருந்து என்ன பயன்’ என்ற மாதிரிப் பேச்சு வந்தால் தனியாக விடாதீர்கள். 104க்கோ 14416க்கோ போன் செய்தால் எந்த நேரத்திலும் தமிழில் பேச ஆள் இருக்கிறார்கள். நீங்களே பேசிவிட்டுப் பிறகு அவனிடம் போனைக் கொடுங்கள்.

அவன் கொஞ்சம் தெளிந்தபின் சொல்லுங்கள்: முதல் லிஸ்ட்தான் கடைசி லிஸ்ட் என்று எந்தக் கல்லூரியிலும் இல்லை. முதல் லிஸ்டில் வந்தவர்கள் எல்லோரும் பணம் கட்டுவதில்லை. ஒரே பிள்ளை நான்கு இடத்தில் பெயர் வந்து ஒன்றில்தான் சேரும். இன்ஜினியரிங் கவுன்சலிங் முதல் சுற்று முடிந்ததும் கலை அறிவியல் கல்லூரிகளில் பி.எஸ்சி. கணிதம், இயற்பியல், வேதியியல் இடங்கள் காலியாகும். மருத்துவக் கலந்தாய்வு நடக்கும்போது உயிரியல் பாடங்கள் காலியாகும். அந்த இடங்கள் காத்திருப்போர் வரிசையிலிருந்தும், இரண்டாம் மூன்றாம் லிஸ்டிலிருந்தும் நிரம்பும். ஆனால் ஒன்று: இரண்டாவது லிஸ்டுக்கு யாரும் வீட்டுக்குப் போன் செய்து கூப்பிட மாட்டார்கள். நோட்டீஸ் போர்டையும் கல்லூரித் தளத்தையும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பணம் கட்ட ஒரு நாளோ இரண்டு நாளோதான் இருக்கும். அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பையனிடம் விடாதீர்கள். அதுவரை கையில் ஒரு இடம் இருக்கட்டும். அரசுக் கல்லூரிகளுக்கு ஒரே விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரி வரை கேட்கலாம். கட்டணம் 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும்தான்.

அண்ணியைக் கோபிக்க வேண்டாம். அந்த உறவினரிடம் மட்டும், இனி எதுவானாலும் பையனுக்கு முன் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள்.

என் பையனுக்கு 400க்கு 361. எதிர் வீட்டுப் பையனுக்கு 352. அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் அவனுக்குக் கிடைத்து இவனுக்குக் கிடைக்கவில்லை. ‘அவங்களுக்கு உள்ளே ஆள் இருக்கு’ என்கிறார்கள். எப்படித் தெரிந்துகொள்வது?
– அணைக்கட்டு வாசகர்

முதலில் இருவரும் ஒரே பிரிவா என்று பாருங்கள். வேறு பிரிவு என்றால் வேறு வரிசை, அதில் தவறில்லை. விளையாட்டு போன்ற சிறப்பு ஒதுக்கீடா, அதே பாடமா, அதே ஷிஃப்டா? இரண்டாம் ஷிஃப்டில் உள்ள சுயநிதிப் பிரிவுக்குக் கட்-ஆஃப் வேறு. இவை எல்லாம் ஒன்றாக இருந்தும் 352 உள்ளே, 361 வெளியே என்றால் கேட்க வேண்டிய கேள்விதான்.

எதிர் வீட்டில் போய்க் கேட்காதீர்கள். முதல்வருக்கு ஒரு பக்க மனு எழுதுங்கள். பையனின் விண்ணப்ப எண், பிரிவு, மதிப்பெண், ‘இந்தப் பாடத்தில் இந்தப் பிரிவில் கடைசியாகச் சேர்க்கப்பட்ட மதிப்பெண் என்ன, என் மகன் எந்தக் காரணத்தால் சேர்க்கப்படவில்லை’ என்ற இரண்டே கேள்வி. யார் மீதும் குற்றம் சாட்டாதீர்கள். நகலில் சீல் வாங்குங்கள். விண்ணப்பத்தில் ஒரு மதிப்பெண் தப்பாக ஏறியிருந்தாலோ, பிரிவு மாறியிருந்தாலோ இந்தக் கட்டத்திலேயே தெரிந்து அடுத்த லிஸ்டில் சரியாகிவிடும். பெரும்பாலும் அப்படித்தான் முடிகிறது. ஒரு வாரத்தில் பதில் இல்லை என்றால் அதே மனுவின் நகலோடு வேலூர் மண்டலக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநருக்கு எழுதுங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். அரசு உதவி பெறும் கல்லூரிக்கும் அது பொருந்தும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை மனுவில் ஒட்டி, கல்லூரியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். இந்த ஆண்டுச் சேர்க்கை அதற்குள் முடிந்துவிடும் என்பதால்தான் முதலில் மனுவைச் சொன்னோம். இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். அதில் எதிர் வீட்டுப் பையனின் பெயரை எழுதி அவன் விவரத்தைக் கேட்டால், தனிநபர் தகவல் என்று மறுத்துவிடுவார்கள். பாடம், பிரிவு, ஷிஃப்ட் வாரியாகச் சேர்க்கப்பட்ட முதல் மதிப்பெண், கடைசி மதிப்பெண், எண்ணிக்கை என்று கேளுங்கள். அவனைத் தொடாமலே உங்களுக்கு வேண்டியது அதில் வந்துவிடும்.